கடதாசி மூக்கு

எங்கள் ஆய்வுகூடத்தை விட்டு விலகுபவர் கையளிப்புப் பட்டியல் ஒன்று எழுதிக் கொடுக்க வேண்டும். நான் நாற்பத்தொரு வரிகள் எழுதினேன். எந்த அலுமாரியின் திறப்பு எந்தக் கொளுக்கியில் தொங்குகிறது, வெற்றிடப் பம்பிக்கு எண்ணெய் மாற்றும்போது எந்தத் திருகாணியை முதலில் கழற்ற வேண்டும், மழைக்காலத்தில் தராசை எவ்வளவு நேரம் சூடேற விட வேண்டும் என்று அது போகும். முதலாவது வரி மட்டும் மற்றவற்றோடு சேராமல் நின்றது: "லமினேற் செய்யக் கூடாது."

எனக்குப் பிறகு அந்த மேசைக்கு வரும் துஷி அதை வாசித்துவிட்டுச் சிரித்தாள்.

"அக்கா, ஆர் இஞ்ச லமினேற் செய்யப்போகினம்? இது போட்டோக்கொப்பிக் கடையில ஒட்ட வேண்டிய அறிவித்தல்."

"அது பெரிய கதை."

"அப்ப எழுதித் தாங்கோ. பட்டியலா இல்லாமல் கதையா."

பட்டியலாக இல்லாமல் எழுதுவது எனக்குச் சிரமம். முயன்று பார்க்கிறேன்.

ஓய்வு பெற்றவள் என்று சொன்னால் ஆட்கள் என் தலைமயிரைப் பார்க்கிறார்கள். எனக்கு முப்பத்தைந்து வயது. பதினொரு வருட வேலைக்குப் பிறகு மருத்துவக் காரணத்தால் விலகியிருக்கிறேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். அது துக்கக் கதை அல்ல.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. புளியங்கூடலில் இருந்து பஸ்ஸில் யாழ்ப்பாணம் போனேன், பஸ்ஸில் திரும்பினேன். நிறையக் கண்ணாடிக் குழாய்களை உடைத்தேன். மூன்றாம் வருடத்தில் உடைப்பது குறைந்தது.

நாங்கள் செய்தது நுண்துளைச் சேதனப் பளிங்குகள். இரண்டு வகைச் சிறு மூலக்கூறுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றுக்கு மூன்று கைகள், மற்றதற்கு இரண்டு கைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான சூட்டில் விட்டால் அவை கைகோத்து அறுகோணங்களாக, அடுக்கின் மேல் அடுக்காக வளரும். ஒவ்வொரு அறுகோணத்தின் நடுவிலும் வெறும் இடம். கண்ணுக்கு அது சாதாரண மஞ்சள் தூள்தான். ஆனால் அதற்குள் இருப்பதில் பெரும்பகுதி ஒழுங்காக அடுக்கிய வெற்றிடம். எங்கள் தூளின் குணம் இதுதான்: அமில ஆவி பட்டால் சிவக்கும். சிவந்த தூளில் அமோனியா பட்டால் மஞ்சளுக்குத் திரும்பும். மீண்டும் அமிலம் காட்டினால் மீண்டும் சிவக்கும். அந்தத் தூளைக் கடதாசியில் ஏற்றி, சிவக்க வைத்து, விரலளவு துண்டுகளாக வெட்டினால் அமோனியாக் கசிவைக் கண்ணுக்குக் காட்டும் ஒரு கருவி கிடைக்கும். மின்சாரம் வேண்டாம்.

செய்முறையை நான் இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இரண்டு தூள்களையும் நிறுத்துக் குழாயில் போட வேண்டும். கரைப்பான் விட்டு, ஒரு துளி அசற்றிக் அமிலம் சேர்க்க வேண்டும். பிறகு திரவ நைதரசனில் உறைய வைத்து, காற்றை இழுத்து, உருக விட வேண்டும். இதை மூன்று தரம். மூன்றாம் தரம் உறைந்திருக்கும்போதே குழாயின் கழுத்தைச் சுவாலையில் காட்டி உருக்கி மூட வேண்டும். கனலடுப்பில் மூன்று நாள். இடையில் எட்டிப் பார்க்கக் கூடாது. திரவ நைதரசன் எங்களிடம் இருக்கவில்லை. மாடுகளுக்குச் சினை ஊசி போடுபவர்கள் விந்துக் குழாய்களை அதில்தான் வைத்திருப்பார்கள். அவர்களிடம் போய் வாங்கி வருவோம். "இண்டைக்கு எந்த இனம் வேணும்?" என்று அங்கிருந்தவர் ஒவ்வொரு முறையும் கேட்பார். ஒவ்வொரு முறையும் சிரிப்பது என் கடமைகளில் ஒன்று.

ஏன் மூன்று நாள் என்று நான் தொடக்கத்தில் கேட்டேன். கைகோப்பது சில நிமிடத்தில் முடிந்துவிடுகிறதே. எங்கள் பேராசிரியர், எல்லோருக்கும் அவர் சேர்தான், சொன்னார்: "கோக்கிறது கெதியா நடக்கும். பிழையாத்தான் கோக்கும். பிழையாக் கோத்தது விட்டுப்போட்டுத் திரும்பச் சரியாக் கோக்கத்தான் மூண்டு நாள்."

சேரின் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். காலை எட்டேகாலுக்கு வருவார். உட்கார மாட்டார். நின்றபடி எங்கள் ஆய்வுக் கொப்பியைப் புரட்டுவார். சந்தேகம் வந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். புள்ளி மட்டும்தான். என்ன பிழை என்று எழுத மாட்டார், கேட்டாலும் சொல்ல மாட்டார். புள்ளி இருந்த வரியோடு நாள் முழுவதும் மல்லுக்கட்டிப் பிழையை நாமே கண்டுபிடிக்க வேண்டும். சில நாட்களில் அந்த வரியில் பிழையே இருக்காது. "அப்ப ஏன் சேர் புள்ளி?" என்றால், "எனக்கு விளங்கேல்லை, அதுதான்" என்பார். பதினொரு வருடத்தில் அவர் என்னை உரத்துப் பேசியதில்லை. அந்தப் புள்ளிகளுக்குப் பயந்த அளவுக்கு நான் வேறெதற்கும் பயந்ததுமில்லை.

என் ஏழாம் வருடத்தில், ஆய்வுகூடத்துக்கு வெளியே உண்மையான அமோனியா உள்ள இடத்தில் கடதாசிகளைச் சோதிக்க வேண்டும் என்று சேர் சொன்னார். "உம்மட பக்கம் ஐஸ் பக்டரி ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டார். இருந்தது. ஊர்காவற்றுறைக்குக் கிட்ட, கடலோரமாக, ஒரு சிறிய தொழிற்சாலை. பெயர் இங்கே தேவையில்லை. உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் தகர அச்சுகளை இறக்கி, நல்ல தண்ணீரை உறைய வைத்து ஐஸ் கட்டி எடுப்பார்கள். தொட்டியைக் குளிராக்குவது குழாய்களுக்குள் ஓடும் அமோனியா.

அங்கே இயந்திரத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் அன்ரன் அண்ணை. ஐம்பத்தைந்து வயதிருக்கும். முன்பு கடலுக்குப் போனவர், முதுகு நோவால் கரைக்கு வந்து இருபது வருடமாக அந்த இயந்திரத்தோடு வாழ்பவர். முதலாளி யாழ்ப்பாணத்தில். நான் கடதாசிகளைத் தொங்கவிட அனுமதி கேட்கப் போனபோது, மறுப்பார் என்றுதான் நினைத்தேன். அவரோ கதிரையை இழுத்துப் போட்டார்.

"உதுக்குள்ள என்ன கிடக்கு, பிள்ளை?"

"கூடு, அண்ணை. மீன் பிடிக்கிற கூடு மாதிரி. கண்ணுக்குத் தெரியாத சின்னக் கூடு. அமோனியா உள்ள போனா அம்பிடும். அம்பிட்டா சிவப்பு மஞ்சளாகும்."

"எத்தினை கூடு?"

"எண்ண ஏலாது."

"அப்ப நீர் எங்கட சம்மாட்டியளைவிடப் பெரிய சம்மாட்டி." வள்ளமும் வலையும் வைத்து ஆட்களை வேலைக்கு வைத்திருப்பவர்தான் சம்மாட்டி. அன்றிலிருந்து எனக்கு அதுதான் பெயர்.

ஆறு இடங்களில் தொங்கவிட்டோம். கொம்பிறசருக்கு மேலே ஒன்று, வால்வுகளுக்குப் பக்கத்தில் மூன்று, தொட்டியடியில் ஒன்று, கதவடியில் ஒன்று. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஸ்கூட்டியில் போய்ப் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுவேன். அவர் கேட்ட கேள்விகள் எனக்குப் பிடித்திருந்தன. எவ்வளவு கசிந்தால் மாறும், தூரத்தில் இருந்து பார்த்தாலும் தெரியுமா, மங்கல் வெளிச்சத்தில் மஞ்சளும் சிவப்பும் குழம்புமா. இவ்வளவு அக்கறையான ஆளை நான் அதற்கு முன் கண்டதில்லை.

மூன்றாவது சனிக்கிழமை காரணம் தெரிந்தது. அவருடைய மனைவி றெஜினா அக்கா சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு, என்னைக் கண்டதும் முறைப்பாட்டைத் தொடங்கினார்.

"காலமை குசினியில பால் அடிப்பிடிச்சு வீடெல்லாம் நாத்தம், தங்கச்சி. நான் கோழிக்குத் தீன் போடப் போனனான். இவர் அடுப்புக்குப் பக்கத்தில இருந்து பேப்பர் வாசிச்சுக்கொண்டிருக்கிறார். இவருக்கு மல்லிகைப்பூவும் கருவாடும் ஒண்டுதான்."

"நீ பேசாமல் இரு."

"ஏன்? உள்ளதைத்தானே சொல்லுறன்."

அன்ரன் அண்ணை சாப்பாட்டை மூடி வைத்தார். நான் புறப்பட்டபோது ஸ்கூட்டி வரை வந்தார்.

"கொரோனாவோட போனது, பிள்ளை. எல்லாருக்கும் திரும்பி வந்தது. எனக்கு வரேல்லை."

"ஒண்டுமே மணக்காதோ, அண்ணை?"

"ஒண்டும் இல்லை. ஐஸ் பக்டரியில மூக்குத்தான் வேலை. கை காலெல்லாம் பிறகுதான். முதலாளிக்குத் தெரிஞ்சா அண்டைக்கே வீட்டுக்குப் போகச் சொல்லுவார். கடலுக்கும் இனிப் போக ஏலாது." ஸ்கூட்டியின் கைபிடியைப் பிடித்தார். "சொல்லிப்போடாதையும்."

நான் சொல்லவில்லை. சேரிடமும் சொல்லவில்லை. என் கணக்கு அப்போது இப்படி இருந்தது: இரண்டு வருடமாக மூக்கில்லாமல் அந்த அறைக்குள் நிற்கும் மனிதருக்கு இப்போது ஆறு மூக்குகள் இருக்கின்றன. முன்பைவிட நிலைமை நல்லது. அந்தக் கணக்கில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

மாரி தொடங்கியது. அந்தக் கட்டடத்தின் கூரைத் தகரம் வேர்த்துச் சொட்டியது. கடதாசிகள் சில களியாகி விழுந்தன. அதே நேரம் எங்கள் திட்ட அறிக்கை கொடுக்க வேண்டிய நாள் நெருங்கியது. மூன்று சனிக்கிழமைகள் என்னால் போக முடியாது. ஆகவே மூன்று கிழமைக்கும் சேர்த்துப் பதினெட்டுக் கடதாசிகளை அன்ரன் அண்ணையிடம் கொடுத்தேன். கூடவே ஓர் அறிவுறுத்தல் தாள். பன்னிரண்டு வரிகள். தடித்த எழுத்தில் முதலாவது வரி: "ஈரம் படாமல் பாதுகாக்கவும்." இரண்டாவது: "ஓரத்தில் மட்டும் பிடிக்கவும்." மூன்றாவது: "தோள் உயரத்தில் தொங்கவிடவும்." இப்படிப் போய், பன்னிரண்டாவது: "மஞ்சள் நிறம் தென்பட்டால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு உடனே வெளியேறவும்."

அவர் அதை வரி வரியாக எனக்கு வாசித்துக் காட்டினார். "நல்ல வடிவா எழுதியிருக்கிறீர்" என்றார். எனக்கும் அதே அபிப்பிராயம்தான்.

நான்காவது சனிக்கிழமை காலை ஏழு மணியளவில் போனேன். படலையடியில் ஸ்கூட்டியை நிறுத்தும்போதே மூக்கில் ஏறியது. ஐஸ் தொழிற்சாலையில் மெல்லிய அமோனியா வாடை எப்போதும் இருக்கும். இது அது அல்ல. ஐஸ் ஏற்ற வந்த இருவர் வெளியே நின்றார்கள். "மணக்குதெல்லோ?" என்று கேட்டேன். "ஐஸ் பக்டரி எண்டா மணக்கும்தானே" என்றார்கள்.

அன்ரன் அண்ணை இயந்திர அறைக்குள், கதவுக்குப் பக்கத்தில், கதிரையில் இருந்தார். கண் சிவந்திருந்தது. இருமிக்கொண்டே கையை உயர்த்தினார்.

"வாரும், சம்மாட்டி. பாரும், ஒண்டும் பழுதாகேல்லை. மூண்டு கிழமையும் சுத்தச் சிவப்பு."

சுவரில் ஆறு கடதாசிகளும் பளபளத்தன. நனைந்திருக்கின்றன என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தேன். அடையாள அட்டையைப் போல, ஓட்டுநர் அனுமதிப் பத்திரத்தைப் போல, நாலு ஓரமும் ஒட்டி, மூலைகளை வட்டமாக வெட்டி, அழகாக லமினேற் செய்திருந்தார்.

எங்கள் ஊரில் பழுதாகக் கூடாத எதையும் அப்படித்தான் செய்வோம். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதியின் பிரதி, இறந்தவரின் படம். இடப்பெயர்வில் கடதாசிகளைப் பறிகொடுத்தவர்களின் ஊர் இது. பெறுமதியான கடதாசி கைக்கு வந்தால் முதலில் அதைப் பிளாஸ்ரிக்குக்குள் மூடுவோம். பஸ் நிலையத்துக்கு முன்னால் இருக்கும் கடைக்குப் பதினெட்டையும் கொண்டுபோயிருக்கிறார். ஓரத்தில் மட்டும் பிடித்துக்கொண்டு.

"அண்ணை, வெளியில வாங்கோ."

"ஏன்?"

"மணக்குது. கடுமையா மணக்குது."

அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த கடதாசியைப் பார்த்தார். "சிவப்பெல்லோ?" என்றார்.

அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. அவர் என் சொல்லைவிட என் கடதாசியை நம்பினார்.

கையைப் பிடித்து இழுத்தேன். வெளியே வந்ததும் அவர் வேறு ஆளாகிவிட்டார். வெளிச்சுவரில் இருந்த ஆளியைத் தட்டி இயந்திரத்தை நிறுத்தினார். ஐஸ் ஏற்ற வந்தவர்களைப் படலைக்கு அப்பால் போகச் சொன்னார். அமோனியாத் தாங்கி கட்டடத்துக்குப் பின்புறம் திறந்த கொட்டிலில் இருந்தது. தோளில் கிடந்த துவாயை நனைத்து முகத்தில் கட்டினார். "காத்து எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டு, நான் சொல்ல முன்பே நிமிர்ந்து பார்த்து, வாடைக்காற்றுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, காற்று முதுகில் படும் பக்கமாகச் சுற்றிப்போய்த் தாங்கியின் பெரிய வால்வைப் பூட்டினார். பிறகு மதிலில் சாய்ந்து உட்கார்ந்து, நிற்காமல் இருமினார்.

"எத்தினை நாளா இந்த இருமல், அண்ணை?"

"மூண்டு நாள் இருக்கும். சளி, தடிமன் எண்டு நினைச்சன்."

வால்வு ஒன்றின் கழுத்தில் மெல்லிய கசிவு மூன்று நாளாக இருந்திருக்கிறது. றெஜினா அக்கா நின்றிருந்தால் முதல் நாளே மணந்திருப்பார். அவர் அந்தக் கிழமை தங்கையின் பிள்ளைப்பேற்றுக்கு மன்னார் போயிருந்தார்.

ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் வைத்தார்கள். இளம் வைத்தியர் ஒருவர் எழுதிக்கொண்டே கேட்டார்: "மூண்டு நாளும் உங்களுக்கு மணக்கேல்லையோ, ஐயா?"

அன்ரன் அண்ணை முகமூடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். நான் கட்டில் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகமூடியை விலக்கினார்.

"எனக்கு மணம் தெரியாது, டொக்டர். கனகாலம்."

பின்னேரம் மூச்சு சீரானதும், லமினேற் செய்தால் காற்று உள்ளே போகாது என்பதை அவருக்கு விளக்கினேன். அவர் சிரித்தார். சிரித்ததால் இருமினார்.

"கூட்டின்ர வாயைத் தைச்சுப்போட்டு, மீன் வரேல்லை எண்டு சந்தோசமா இருந்திருக்கிறன்."

ஞாயிற்றுக்கிழமை முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்தார். அன்ரன் அண்ணை தானே எல்லாவற்றையும் சொன்னார். முதலாளி கோபப்படவில்லை. பழம் வாங்கி வந்திருந்தார். பையை மேசையில் வைத்துவிட்டு, "வேற ஆளைப் பாக்கவேணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை எட்டேகாலுக்குச் சேரிடம் போனேன். இரண்டு பிழைகளையும் வரிசையாகச் சொன்னேன்: அறிவுறுத்தல், மறைத்த இரகசியம். "அவர் லமினேற் செய்வார் எண்டு நான் நினைக்கேல்லை, சேர்" என்றேன். அவர் கையை நீட்டினார். பன்னிரண்டு வரித் தாளைக் கொடுத்தேன். நின்றபடி முழுவதையும் இரண்டு தரம் வாசித்தார்.

"இதில அவர் எந்த வரியை மீறினவர்?"

நான் தாளைப் பார்த்தேன். எதையும் மீறவில்லை. பன்னிரண்டையும் அப்படியே செய்திருந்தார். முதலாவதை நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகச் செய்திருந்தார். கடதாசி மூச்சு விட வேண்டும் என்ற வரி மட்டும் தாளில் இல்லை. ஏழு வருடம் ஓட்டைகளோடே வாழ்ந்தவளுக்கு அது எழுத வேண்டிய விசயமாகவே படவில்லை.

சேர் பென்சிலை எடுத்தார். முதலாவது வரிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தார். பிறகு, அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தார். புள்ளிக்கு விளக்கம் சொன்னார்.

"மற்றது இதைவிடப் பெரிசு. மூக்கில்லாத ஆளுக்குக் கடதாசியை மட்டும் மூக்காக் குடுத்திட்டீர். கடதாசி ரெண்டாவது மூக்கா இருக்கலாம். முதலாவதா இருக்க ஏலாது." சால்வையை மடிப்பதுபோல அந்தத் தாளை மெதுவாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "நாளைக்கு எத்தினை மணிக்கு பஸ்?"

மறுநாள் சேரும் நானும் தொழிற்சாலைக்குப் போனோம். முதலாளி வந்திருந்தார். மன்னாரில் இருந்து திரும்பிய றெஜினா அக்கா கணவனை ஆஸ்பத்திரியில் இருந்து நேராக அங்கே கூட்டிவந்திருந்தார். சனிக்கிழமை நிறுத்திய இயந்திரம் நின்றபடியே கிடந்தது. தொட்டியில் உப்புத் தண்ணீர் சூடேறிக்கொண்டிருந்தது.

"பிழை எங்கட" என்றார் சேர். "நாங்கள் எழுதிக் குடுத்ததைத்தான் இவர் செய்தவர்."

"அது சரி, சேர். ஆனா மணம் தெரியாத ஆளை உள்ள விட்டு, நாளைக்கு ஏதும் நடந்தா?"

"விடாதேங்கோ. நான் எண்டாலும் விடமாட்டன்."

அன்ரன் அண்ணை தலையைக் குனிந்தார். சேர் அந்த ஆளுக்காகப் பேசத்தான் வருகிறார் என்று பஸ் பயணம் முழுவதும் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன்.

"தனிய விடாதேங்கோ எண்டு சொல்லுறன்" என்று சேர் தொடர்ந்தார். "இந்த மெசினை வேற ஆருக்குத் தெரியும்?"

முதலாளி நின்றுபோன கொம்பிறசரைப் பார்த்தார். நாலு நாளாக வள்ளக்காரர் ஐசுக்கு வேறு இடம் போய்க்கொண்டிருந்தார்கள். பதில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"மின்சார அலாரம் ஒண்டு போடவேணும்" என்றார் சேர். "கடதாசியும் இருக்கட்டும், கரண்ட் போற நேரத்துக்கு. ஆனா காலமையில கதவைத் திறக்கிறது மணம் தெரிஞ்ச ஆளா இருக்கவேணும்."

"அதுக்கு ஆள் எங்க தேடுறது, சேர்?"

"நான் நெடுகவும் காலமையில தேத்தண்ணி கொண்டு வாறனான்தானே" என்றார் றெஜினா அக்கா. "கதவைத் திறந்து மணந்துபோட்டுக் குடுக்கிறன். வீட்டில பாலை மணக்கிற மூக்கு, இஞ்ச மணக்காதோ?"

"உவளுக்கு நான் குடிச்சாலே பத்து வீடு தள்ளி மணக்கும், முதலாளி" என்றார் அன்ரன் அண்ணை.

முதலாளி சிரித்துவிட்டார். அலாரம் வந்து பூட்டும் வரை இயந்திரம் ஓடவில்லை. பூட்டிய மறுநாள் அன்ரன் அண்ணை வேலைக்குத் திரும்பினார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார். றெஜினா அக்கா இன்றைக்கும் கதவடியில் நின்று மூக்கை உறிஞ்சி, "உங்கட வேர்வை மட்டும்தான்" என்று சொல்லித் தேத்தண்ணியைக் கொடுக்கிறார்.

அந்தச் சம்பவத்திலிருந்து எங்கள் ஆய்வுகூடத்துக்கு ஒரு நடைமுறை வந்தது. எந்த அறிவுறுத்தலையும் அனுப்ப முன்பு, விசயம் தெரியாத ஒருவரிடம் தாளையும் பொருளையும் கொடுக்க வேண்டும். எழுதியவர் பேசாமல் நின்று பார்க்க வேண்டும். வாய் திறக்கக் கூடாது. நான் முதலில் கொடுத்தது றெஜினா அக்காவிடம். மூன்றாவது வரியில் நின்றுவிட்டார். "தோள் உயரத்தில எண்டா ஆற்ற தோள்? அவற்றையோ, என்ரையோ?" கதவு நிலையில் கோடு கீறிக் காட்ட வேண்டும் என்று எனக்கு அதன்பிறகே தெரிந்தது. சொட்டும் தண்ணீருக்கான வழியை அன்ரன் அண்ணையே கண்டுபிடித்தார். பிளாஸ்ரிக் சவர்க்காரப் பெட்டியின் அடியில் துளைகள் இருக்கும். அதைக் கவிழ்த்து, பக்கங்களிலும் துளையிட்டு, கடதாசியை உள்ளே தொங்கவிட்டார். நனையாது, காற்றும் போகும். எங்கள் பின்னைய கடதாசிகள் எல்லாம் அந்தப் பெட்டியில்தான் போயின.

இனி என் காரணம். போன வருடம் எனக்கு இருமல் வந்தது. அன்ரன் அண்ணையோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தேன், ஏதோ சவர்க்காரப் பெட்டி விசயம்.

"எத்தினை நாளா இருமுறீர்?"

"ரெண்டு மூண்டு நாள், அண்ணை. தடிமன்."

அவர் உடனே சொன்னார்: "அதைத்தான் நானும் சொன்னனான். கடதாசியைப் பாத்துக்கொண்டிராமல் டொக்டரைப் பாரும்."

போனேன். வருடக்கணக்காக நிறுத்துப் போட்ட அந்தத் தூள்களும் கரைப்பான்களும் என் சுவாசக் குழாய்களுக்கு ஒவ்வாமல் போயிருந்தன. தொடக்கத்திலேயே பிடித்துவிட்டதால் பெரிய சேதம் இல்லை, ஆனால் இனி ஆய்வுகூடத்துக்குள் போகக் கூடாது என்றார்கள். இன்னும் இரண்டு வருடம் தடிமன் என்று நினைத்திருந்தால் கதை வேறு. மாடிப்படி ஏறுகிறேன், புளியங்கூடலில் இருந்து ஊர்காவற்றுறைக்குச் சைக்கிள் மிதிக்கிறேன். கேட்டவர்களுக்கு அறிவுறுத்தல்களை நல்ல தமிழில் எழுதிக் கொடுக்கிறேன், பக்கத்து வீட்டாரை வாசிக்க வைத்துப் பேசாமல் நின்று பார்க்கிறேன். மூச்சுக்கு நான் நன்றி சொல்ல வேண்டியவர்களின் பட்டியலில் முதலாவது பெயர், மணம் தெரியாத ஒரு மனிதருடையது.

இதை இந்த இடத்தில் முடித்திருந்தேன். முதற்பிரதியை வாசித்த துஷி, "அந்தக் கடதாசி இருக்கோ, அக்கா?" என்று கேட்டாள். இருந்தது. பதினெட்டில் ஒன்றை நான் கொப்பிக்குள் வைத்திருந்தேன். போன கிழமை, கடைசிப் பத்திரத்தில் கையொப்பம் வைக்கப் போனபோது கொண்டுபோனேன்.

எனக்கு உள்ளே போக அனுமதி இல்லை. விறாந்தையில் நின்று கதவுக் கண்ணாடியால் பார்த்தேன். துஷி கையுறை போட்டுக்கொண்டு, அந்த லமினேற் துண்டை அமோனியாப் போத்தலின் வாயில் பிடித்தாள். நாலு வருடத்துக்கு முந்திய சிவப்பு அசையவில்லை. திரும்பி என்னைப் பார்த்துத் தோளைக் குலுக்கினாள். பிறகு ஏதோ நினைத்தவளாகக் கத்தரிக்கோலை எடுத்து, ஒரு மூலையை வெட்டிவிட்டு, மறுபடியும் பிடித்தாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வெட்டிய ஓரத்தில் நூல் அளவு மஞ்சள் தோன்றியது. அது மெதுவாக, மிக மெதுவாக உள்ளே நகர்ந்தது.

துஷி துண்டைத் தூக்கிக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்துக் காட்டினாள். உள்ளே இருந்து அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. நான் தலையாட்டினேன்.